நிலத்தில் சிந்திய மெழுகு

ஒக்டோபர் செபமாலை மாதத்திலே, சுரூபத்தின் முன் ஏற்றும் மெழுகுதிரி நிலத்திலும் சிந்துகின்றது. இதனைச் சிறு விடயமெனத் தள்ளிவிடலாகாது. கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தில் வழுக்கி விழும் முதியவரின் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

மெழுகு ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் உருகுவது. சூட்டோடு துடைத்தால் பரவும். ஆறி இறுகியபின் சிரட்டைத் துண்டினால் மெதுவாகச் சுரண்ட வேண்டும்.

சீமெந்து நிலத்தின் நுண்துளைகளில் மெழுகு இறங்கிவிடும். எழுத்தற்ற மண்ணிறக் கடதாசியை அதன்மேல் வைத்து, இளஞ்சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினால் கடதாசி அதனை உறிஞ்சும். பலகை நிலத்துக்கும் இம்முறையே நன்று, சுடுநீர் ஆகாது. மாபிள் பதித்த நிலமாயின் சுடுநீரில் நனைத்த துணியால் துடைத்து, சவர்க்கார நீரால் கழுவலாம். பிளாஸ்ரிக் விரிப்பு சூடு தாங்காது. ஐஸ்கட்டி வைத்து இறுகச் செய்து பெயர்த்தெடுக்க வேண்டும். சாணமிட்ட மண் நிலத்திலோ, மேற்பூச்சைச் சுரண்டிப் புதிதாகச் சாணம் பூசினால் போதும்.

மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்றித் தேய்ப்போரும் உளர். அருகில் திரி எரிகையில் அது வீட்டையே எரித்துவிடும்.

திரியை மணல் பரப்பிய தட்டில் நிறுத்துவோம். செபம் முடிந்ததும் நிலத்தையும் ஒருமுறை பார்ப்போம். அதுவும் பிறரன்புப் பணியே.