தண்ணீர் வடியும் கண்ணும் வறண்ட கண்தான்

"கண்ணுல மண்ணு விழுந்தாப்புல உறுத்துதுங்க, தண்ணியா ஊத்துது." நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி ஓட்டுகிறவர்களும், கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களும் இப்படிச் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறோம். இது கண் வறட்சி என்றால் சிரிப்பார்கள். "தண்ணி ஊத்துற கண்ணு எப்படிங்க வறண்டு போகும்?" நியாயமான கேள்விதான்.

நம் கண்ணின் மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. அதில் வெறும் தண்ணீர் மட்டுமில்லை. அடியில் கோழை போன்ற வழவழப்பு, நடுவில் நீர், மேலே எண்ணெய்ப் பசை. எண்ணெயை இமை ஓரத்துச் சுரப்பிகள் தருகின்றன. அது குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். காய்ந்த கண் எரியும். எரிச்சல் தாங்காமல் கண்ணீர் ஒரேயடியாகப் பெருகும். அந்தக் கண்ணீர் கன்னத்தில் வழிந்தோடுமே தவிர, கண்ணில் தங்காது.

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல் இமைக்கிறோம். ராத்திரி ரோட்டையே வெறித்துப் பார்க்கும் டிரைவர் அவ்வளவு இமைப்பதில்லை. செல்போன் பார்க்கும் பிள்ளைகளும் அப்படியே. சன்னல் வழியே அடிக்கும் அனல் காற்று, முகத்துக்கு நேராக வரும் ஏ.சி. காற்று, கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி, தறிப் பஞ்சு, எல்லாமே கண்ணுக்கு ஆகாதவை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், மாதவிலக்கு நின்ற பெண்கள், சர்க்கரை நோய், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது அதிகம். சளிக்கு வாங்கிப் போடும் சில மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும்.

இனி முக்கியமான விஷயம். கண் சிவந்தால் நேரே மருந்துக்கடைக்குப் போய், "அன்னிக்குக் குடுத்த சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாளில் சிவப்பு மறையும், மனசும் குளிரும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெடும்; புரையும் வரும். நரம்பு கெட்டுப் போன பார்வையைத் திருப்பித் தர எந்த டாக்டராலும் முடியாது. லாரி ஓட்டுகிறவருக்குப் பார்வை போனால் பிழைப்பே போச்சு. தாய்ப்பால் பீய்ச்சுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது இவையும் வேண்டாம். கிருமி புகுந்து கருவிழியில் புண் வரலாம்.

செய்ய வேண்டியது சுலபம். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் மூடிய இமை மேல் ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இருபது தடவை இமையை முழுசாக மூடித் திறங்கள். பண்ணையில் கண்ணாடி போடுங்கள். எச்சத்தை ஈரமாக விடாதீர்கள். டாக்டர் எழுதித் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைத் திறந்தால் ஒரு மாதம்தான், மீதியிருந்தாலும் கொட்டிவிடுங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சின்னக் குழந்தையின் கண் வறண்டு, வெள்ளை விழியில் நுரை போல் திட்டு இருந்தாலோ, பொழுது சாய்ந்ததும் குழந்தை தடவித் தடவி நடந்தாலோ, அது இந்த வறட்சி அல்ல. வைட்டமின் 'ஏ' குறைவு. விட்டால் கண் போய்விடும். இதைத் தடுக்கவே 1970-இல் தேசிய அளவில் திட்டம் தொடங்கினார்கள். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசியோடு 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் யூனிட், ஐந்து வயது வரை மொத்தம் 9 தடவை. மருந்து இலவசம், கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் நம் மாவட்டத்தில், வீட்டுக் குழந்தைக்கு மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் ஊட்டுகிறவர்கள் உண்டு. வைட்டமின் 'ஏ' அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. முருங்கைக் கீரையும் பப்பாளியும் கூடச் சேருங்கள்.