இலை லாரிக்கு எது நல்ல வழி? கணினி அறிவியலின் தீராத கேள்வி

நீலகிரியின் இத்தலாரைச் சுற்றியுள்ள ஹட்டிகள் எனும் மலைக் கிராமங்களில் சிறு விவசாயிகள் பறிக்கும் பச்சைத் தேயிலை அன்றன்றே தொழிற்சாலை சேர வேண்டும். மூட்டையில் அழுந்திச் சூடேறினால் இலை கெட்டுவிடும். ஒரு லாரி தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, 20 இடங்களில் இலை ஏற்றித் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். எந்த வரிசையில் போனால் நேரம் மிகக் குறையும்?

மலைப்பாதையில் ஏறும் நேரம் வேறு, இறங்கும் நேரம் வேறு. அதனால் ஒவ்வொரு வரிசையும் தனிக் கணக்கு. 20 இடங்களுக்குச் சுமார் 24 ஆயிரம் கோடி கோடி வரிசைகள் உண்டு. நொடிக்கு 100 கோடி வரிசைகளைப் பார்க்கும் கணினிக்கும் 77 ஆண்டுகள் ஆகும். இடங்கள் 25 ஆனால், சுமார் 49 கோடி ஆண்டுகள்! 1962இல் வெளியான ஒரு வழிமுறை 20 இடங்களைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் ஒவ்வோர் இடம் கூடும்போதும் அதன் வேலை இரு மடங்குக்கு மேல் பெருகும். 100 இடங்கள் என்றால் அதுவும் திணறிவிடும்.

அதேசமயம், “இந்த வழியில் போனால் ஆறு மணி நேரத்துக்குள் திரும்பலாம்” என்று ஒருவர் எழுதித் தந்தால், கூட்டிப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு வகுப்புகள்

கணக்கின் அளவு இரு மடங்கானால் வேலை நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்ற அளவோடு நிற்கும் கணக்குகளை ‘பி’ வகுப்பு என்கிறார்கள். ஆறு மணி நேர லாரிக் கணக்கைப் போல, விடையைத் தந்தால் விரைவாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகள் ‘என்பி’ வகுப்பு. ‘பி’யில் உள்ள எல்லாம் ‘என்பி’யிலும் அடங்கும். சரிபார்க்க எளிதான எல்லாவற்றையும் எளிதாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா? அதாவது, இரண்டும் ஒன்றா? இதுதான் கேள்வி.

1971இல் கனடாவின் ஸ்டீபன் குக் இதைத் துல்லியமாக முன்வைத்தார். சோவியத் நாட்டில் லியோனித் லெவினும் தனியாக இதே கேள்வியை எட்டினார். 1972இல் ரிச்சர்ட் கார்ப் ஒன்றோடொன்று பின்னிய 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தாலும் ‘என்பி’ முழுவதற்கும் கிடைத்துவிடும். 2000இல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் இக்கேள்விக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்றுவரை யாரும் அதைப் பெறவில்லை.

2002 ஆகஸ்ட்

இத்துறையில் இந்தியர்களின் பங்கு பெரிது. ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் சொல்லும் வழியை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா வெளியிட்டார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அந்தக் கணக்கு ‘பி’யைச் சேர்ந்தது என்பது உறுதியானது. அதே மாதம் சென்னையில் பிறந்த மது சூதனுக்குக் கணினி அறிவியல் துறைக்கான நெவன்லின்னா பரிசு கிடைத்தது. ஒரு நிரூபணத்தைத் தக்கபடி மாற்றி எழுதினால், அங்கங்கே சில இடங்களை மட்டும் படித்தே அது சரியா என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம் எனக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். அதிலிருந்து இன்னோர் உண்மை வெளிவந்தது: பல கணக்குகளில், மிகச் சிறந்த விடையைப் போலவே அதை நெருங்கும் விடையைத் தேடுவதும் கடினம்.

ஏன் தீரவில்லை?

இரண்டு வகுப்புகளும் வேறு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். ஆனால் நம்பிக்கை நிரூபணம் ஆகாது. ஒரு வழி உதவாது என்று காட்டலாம். இனி யார் கண்டுபிடிக்கப்போகும் வழியும் உதவாது என்று காட்டுவது எப்படி? நமக்குத் தெரிந்த நிரூபண உத்திகளில் முக்கியமான சில இதற்குப் போதா என்பதையும் 1975இலும் 1990களிலும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

இரண்டும் ஒன்றாகி, நடைமுறைக்கு உதவும் வழியும் கிடைத்தால், லாரிப் பாதைகளும் மருந்து ஆராய்ச்சியும் பயன்பெறும். இணையவழிப் பணப் பரிமாற்றத்தைக் காக்கும் இன்றைய குறியாக்கம் உடையும். வேறு என்று நிரூபணமானாலும் குறியாக்கத்துக்கு அது மட்டும் போதாது. ஆனால் அது இல்லாமல் உறுதியே இல்லை.

இக்கேள்வியை ஆராய விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரியின் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது. கேள்வியைப் புரிந்துகொள்ள பிளஸ் டூ கணிதம் போதும். மலைக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்ல வேண்டும். பாடநூலில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணும் பிள்ளைகளுக்கு, உலகமே விடை தேடும் ஒரு கேள்வி தங்களுக்காகவும் காத்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.