சர்வீஸ் முடிச்ச கையோட கிளம்பாதீங்க பாஸ்! லாங் ரைடில் நல்ல மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை டு லே பைக் ட்ரிப். டெல்லி, மணாலி வழியாப் போனா, ஒரு பக்கம் மட்டுமே 3,000 கி.மீ-க்கு மேல. ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு, ஜாக்கெட் வாங்கியாச்சு, வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேர்கூட வெச்சாச்சு. ஆனா, "நடுவுல பைக்கை எங்கே சர்வீஸ் விடப்போறீங்க?"னு கேட்டா மட்டும், "போற வழியில பார்த்துக்கலாம்"னு ஒரு பதில் வரும்.

சிக்கலே அந்த பதில்தான். சர்வீஸ் எங்கேன்னு நீங்க முடிவு பண்ணலைன்னா, பைக் முடிவு பண்ணிடும். அது பெரும்பாலும் கடையே இல்லாத இடமாத்தான் இருக்கும்.

ஊரை முன்னாடியே குறிச்சு வைங்க

ஹோட்டல் புக் பண்ற மாதிரியே சர்வீஸுக்கும் ஊர் குறிக்கணும். விதி சிம்பிள்: ஆள் இல்லாத ரோடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற கடைசிப் பெரிய ஊர்.

லே ரூட்டையே எடுத்துக்கோங்க. சென்னையிலிருந்து நாக்பூர் சுமார் 1,100 கி.மீ. அங்கே செயின், பிரேக், டயர் காற்று செக் பண்ணினா போதும். முழு சர்வீஸுக்கு டெல்லி அல்லது சண்டிகர். எல்லா கம்பெனி சர்வீஸ் சென்டரும், ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கும். அதைத் தவறவிட்டா மணாலி. வாடகை பைக்குகள் குவியுற ஊர்ங்கிறதால, மலை ரோட்டில் பைக்குக்கு என்னென்ன ஆகும்னு அங்கே இருக்கிற மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி.

அதுக்கப்புறம்? கேலாங் தாண்டினா லே வரைக்கும் கிட்டத்தட்ட 350 கி.மீ. நடுவில சர்ச்சு, பாங் மாதிரி இடங்கள்ல கூடாரக் கடைகள்தான். சூடா மேகி கிடைக்கும், கிளட்ச் பிளேட் கிடைக்காது. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. அதனால, இன்ஷூரன்ஸோட வாங்கின 'ரோடுசைடு அசிஸ்டன்ஸ்' நம்பரை மட்டும் நம்பிப் போகாதீங்க.

கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வாரன்டியில இருக்கிற பைக்னா கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் பாதுகாப்பு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். இன்ஜின் வார்னிங் லைட் எரிஞ்சா, ஸ்கேனர் மாட்டித்தான் காரணம் பார்க்கணும். ஸ்கேனர் இல்லாத கடையில 'சென்சாரைக் கழட்டிப் பார்க்கலாம்'னு சொன்னா, கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

பஞ்சர், செயின் டைட், கேபிள், பிரேக் பேட் மாதிரி வேலைகளுக்கு நல்ல வெளி மெக்கானிக் தாராளமாப் போதும். கம்பெனி சென்டருக்குப் போறதா இருந்தா, முந்தின நாளே போன் போட்டு ஸ்லாட் கேளுங்க. வார விடுமுறை ஊருக்கு ஊர் மாறும். 'வெளியூர்லேர்ந்து வர்றோம்'னு சொல்லி, கடை திறக்கும்போதே முதல் வண்டியா நிறுத்துறதுதான் நல்லது.

தெரியாத ஊரில் யாரைக் கேட்கிறது?

ஃபுட் டெலிவரி பண்ற தம்பிகளைக் கேளுங்க. அவங்களுக்கு வண்டி ஒரு நாள் நின்னா, அன்னைக்குச் சம்பாத்தியம் இல்லை. மோசமான மெக்கானிக்கிட்ட ரெண்டாவது தடவை போக மாட்டாங்க. அடுத்து பெட்ரோல் பங்க்ல கேளுங்க, தங்கின லாட்ஜ்ல கேளுங்க. மூணு பேர்ல ரெண்டு பேர் ஒரே கடையைச் சொன்னா, அங்கே போகலாம். வட இந்தியாவில 'மிஸ்திரி'ன்னு கேட்டாலே வழி காட்டிடுவாங்க.

கூகுள் மேப்ல ஸ்டாரை மட்டும் பார்க்காதீங்க. கடைசி சில மாசத்து ரிவ்யூக்களில் ஒரு ஸ்டார் கொடுத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. 'லேட்டாச்சு'ன்னா பரவாயில்ல. 'மாத்தாத பார்ட்ஸுக்கு பில்'னு இருந்தா, வேண்டாம்.

முதல் அஞ்சு நிமிஷம் கவனிங்க

நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி கேள்வி கேட்பார். 'எப்போலேர்ந்து இந்தச் சத்தம்? சூடானா வருதா, ஸ்டார்ட் பண்ணதுமே வருதா?' அப்புறம், அவரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். கழட்டின போல்ட்டை ஒரு தட்டுல போடுறாரான்னு பாருங்க. தரையில சிதறவிட்டா உஷார்.

கூலி எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுடுங்க. மாத்தின பழைய பார்ட்ஸைக் கையில வாங்குங்க. வேலை முடியுற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.

'செயின் ஸ்ப்ராக்கெட் போச்சு'ன்னு சொன்னா பதறாதீங்க. பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டோட கடைசியில, செயினைப் பின்பக்கமா இழுத்துப் பாருங்க. பல் பாதிக்கு மேல வெளியே தெரிஞ்சாலோ, பல்லெல்லாம் சுறா துடுப்பு மாதிரி வளைஞ்சிருந்தாலோ அவர் சொல்றது நிஜம்தான்.

இன்னொண்ணு. 17,000 அடிக்கு மேல இருக்கிற தங்லாங் லா பக்கம் பிக்கப் குறையுறது கோளாறு இல்லை. அங்கே காற்றில் ஆக்சிஜன் கம்மி, அவ்வளவுதான். அதுக்காக இன்ஜினைத் திறக்க விடாதீங்க.

ஆயில் மட்டும் உங்க கையில

பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயில்லயேதான் ஊறும். கார் ஆயிலோ, ஸ்கூட்டர் ஆயிலோ ஊத்தினா கிளட்ச் வழுக்கலாம். ஏத்தத்துல இன்ஜின் அலறும், வண்டி நகராது. அதனால, மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயிலை, கேன்ல 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2'ன்னு போட்டிருக்கான்னு பார்த்து, சீல் உடையாம நீங்களே வாங்கிட்டுப் போங்க. கூடவே ஆயில் ஃபில்டர், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பஞ்சர் கிட், செயின் லூப். இதெல்லாம் ஒரு சின்ன பையில அடங்கிடும். நெட்வொர்க் இல்லாத ஊர்ல யுபிஐ வேலை செய்யாது. கொஞ்சம் ரொக்கமும் வைங்க.

ஒரு ராத்திரி ரூல்

இனிதான் முக்கியமான விஷயம். சர்வீஸ் முடிச்ச அன்னைக்கே ஊரை விட்டுக் கிளம்பாதீங்க. சரியா இறுக்காத ஆக்ஸில் நட்டும், ஒழுகுற ட்ரெயின் போல்ட்டும் கடை வாசல்ல தெரியாது. 80 கி.மீ வேகத்துல, லாரிக்குப் பக்கத்துல போகும்போதுதான் தெரியும்.

அதனால, ரெஸ்ட் நாள்ல சர்வீஸ் விடுங்க. பிரேக் பேட் மாத்தியிருந்தா, நகர்றதுக்கு முன்னாடி லீவரை நாலஞ்சு தடவை அழுத்திப் பாருங்க. மாத்தின உடனே முதல் அழுத்தத்துல பிரேக் பிடிக்காம போகலாம். ஊருக்குள்ளேயே 15, 20 கி.மீ ஓட்டுங்க. ராத்திரி இன்ஜினுக்கு அடியில ஒரு பழைய பேப்பரை விரிச்சு வைங்க. காலையில ஆயில் சொட்டு இருக்கான்னு பாருங்க. ஆயில் லெவல், செயின் தளர்வு, ரெண்டு ஆக்ஸில் நட், ஹெட்லைட்... பத்து நிமிஷ வேலை. ஏதாவது சரியில்லைன்னா, மெக்கானிக் கடை நாலு தெரு தள்ளித்தானே இருக்கு!

வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இதே ரூல்தான். ட்ரிப்புக்கு முந்தின நாள் சர்வீஸ் வேண்டாம். பத்து நாள் முன்னாடியே முடிச்சுட்டு, மகாபலிபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. கோளாறு வரணும்னா, அங்கேயே வந்துட்டுப் போகட்டும்!