பாதியில் இழுபடும் வலை

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. சில மாதங்களாக யாரோடும் பேச்சில்லை, சாப்பாட்டிலும் மனமில்லை. பழைய கதை எதைக் கேட்டாலும் "அதெல்லாம் மறந்து போச்சு மனே, அப்ப எல்லாம் கஷ்டம்தான்" என்கிறாராம். மறதி நோய் தொடங்கிவிட்டதா, கடையில் விற்கும் ஞாபகசக்தி மருந்து வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

மருந்தை முதலில் விடுங்கள். வல்லாரை நல்ல கீரை, சம்பல் போட்டு உண்ணலாம். அதையே குளிசையாக்கி, போத்தலில் அடைத்து, போன ஞாபகத்தை மீட்டுத் தரும் என்று விற்பதற்குப் போதிய சான்று இல்லை. அம்மாவின் ஞாபகம் போயே விட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். பேச்சும் சாப்பாட்டில் மனமும் குறைந்தது மனச்சோர்வாகவும் இருக்கலாம். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இன்னொன்று நடக்கிறது.

1986இல் மார்க் வில்லியம்ஸ், கீத் புரோட்பென்ட் என்ற இரு பிரித்தானிய உளவியலாளர்கள், உயிரை மாய்க்க முயன்று வைத்தியசாலைக்கு வந்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு நாளைச் சொன்ன இடத்தில், இவர்கள் பொத்தாம்பொதுவாக ஒரு காலத்தையோ, அடிக்கடி நடந்ததையோ சொன்னார்கள். பிறகு மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதுவே தெரிந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இது ஏன் என்பதுதான் அழகான பகுதி. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துப் பக்கம் வாவியில் வீச்சு வலை எறிபவரைப் பாருங்கள். வலை வட்டமாக விரிந்து விழுகிறது. விழுந்த கையோடு இழுத்தால் பாசிதான் வரும். ஓரத்து ஈயக்குண்டுகள் அடிச்சேற்றைத் தொடும்வரை பொறுக்க வேண்டும். ஞாபகத்தைத் தேடுவதும் இப்படி மட்டம் மட்டமாக இறங்கும் வேலை. மேலே, 'வாழைச்சேனையில் இருந்த காலம்.' அதற்குக் கீழே, 'வருசா வருசம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போவோம்.' அடியில், 'ஒருமுறை சடங்கு முடியும் குளிர்த்தியன்று சின்னவன் கூட்டத்தில் தொலைந்து, கடலைக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றான்.' மனச்சோர்வில் வலை நடுத்தண்ணீரிலேயே இழுபட்டுவிடுகிறது.

2007இல் வில்லியம்ஸும் சக ஆய்வாளர்களும் இதற்கு மூன்று காரணங்களைத் தொகுத்தார்கள். முதலாவது, வலை கண்டல் வேரில் சிக்குவது. 'வீடு' என்று கேட்டதும் தேடல் ஒரு நாளை நோக்கி இறங்காமல் 'நான் யாருக்கும் உதவாதவள்' என்ற நினைப்பில் மாட்டி, அங்கேயே சுற்றுகிறது. இரண்டாவது, பயம். பார்க்கக் கூடாத ஒன்றை வலையில் ஒருமுறை கண்டவரின் கை, அடி தொடுமுன்பே இழுக்கும். 1990இன் போர்க் கொலைகளையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்டவர்கள் வாழும் கரை இது. அந்த நாள்களைத் தவிர்க்கப் பழகிய கை, அதே அடியில் கிடக்கும் குளிர்த்தி நாளையும் சேர்த்தே தவறவிடுகிறது. மூன்றாவது, கைப்பலம். நித்திரையும் உணவும் குறைந்த மூளையால் தேடலை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை.

அடியில் எங்கே பள்ளம், எங்கே கல் என்று தெரியாதவருக்கு நாளைக்கு எங்கே எறிவதென்றும் தெரியாது. மனச்சோர்வு உள்ளவர்கள் வரப்போகும் நாள்களையும் மங்கலாகவே கற்பனை செய்கிறார்கள். ஒரு சிக்கலுக்கு வழி தேடும்போதும் திணறுகிறார்கள். எதிர்காலத்தைக் கட்டுவதற்கான சாமான்கள் பழைய நாள்களின் சின்ன விவரங்கள்தானே.

அப்படியானால் எல்லாவற்றையும் கிளறி எடுத்துவிடலாமே என்றால், கூடாது. பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. மட்டக்களப்பிலேயே பொறுமையான வழிகள் இருந்தன. 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரைக் கண்ட பிள்ளைகள் களிமண்ணும் வண்ணமும் கதையுமாகத் தங்கள் வேகத்தில் இறங்கினார்கள். அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம், காணாமல் போன பிள்ளையைப் பற்றிக் கேட்டு வந்த தாய்மாரை அமெரிக்க மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் 1990களில் பதிவு செய்தார். அதை மனநலச் சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெளியே வாய் திறக்கப் பயந்த காலத்தில், பெயர் சொல்லி ஒரு பிள்ளையை நினைக்க அங்கே இடம் இருந்தது.

வலையை அடிவரை விடப் பழக்கும் பயிற்சியும் உண்டு. ஈரானில் வாழ்ந்த, தகப்பனை இழந்த ஆப்கானிய அகதிப் பதின்வயதினருக்கு, குறிப்பிட்ட நாள்களை நினைவுகூரும் பயிற்சி கொடுத்தபோது மனச்சோர்வு குறைந்தது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வு. இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் நாள்பட நாள்பட மங்கியது. 'மனச்சோர்வுக்குப் புதுத் தீர்வு' என்று யாராவது தலைப்பிட்டால் நம்பாதீர்கள்.

வாசகிக்கு: 'சந்தோசமா இருந்த நாளைச் சொல்லுங்கம்மா' என்று கேட்காதீர்கள், அது வேரில் சிக்கும். 'அந்தக் குளிர்த்திக்கு என்ன சீலை உடுத்தீங்க, ஆரோட போனீங்க' என்று சின்னதாகக் கேளுங்கள். கண் கலங்கினால் அன்றைக்கு அதோடு விடுங்கள். தனக்கு மறக்கிறதென்று தானே சொல்லி வருந்துவது மனச்சோர்வில் அதிகம். மறதி நோயில் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். இதை மட்டும் வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். தைரோயிட் குறைவும் பி12 குறைவும் இதே தோற்றம் காட்டும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அம்மாவை இந்தக் கிழமையே அழைத்துப் போங்கள். 'வாழ்ந்து என்ன' என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அதுவரை காத்திருக்காமல் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.