ரூல் மாறல, ட்ரைவர்தான் மாறிடுச்சு

முதல்லயே ஒரு உண்மைய சொல்லிடறேன், நான் கோல்ஃப் ஆடினதே கிடையாது. ஆனா 2025 மே மாசம் வந்த ஒரு நியூஸ் என்னை ரொம்ப நாளா விடவே இல்ல.

ரோரி மெக்கில்ராய். ஏப்ரல்லதான் மாஸ்டர்ஸ் ஜெயிச்சிருந்தார். அடுத்த பெரிய போட்டி பிஜிஏ சாம்பியன்ஷிப், அமெரிக்காவுல சார்லட் பக்கம் குவைல் ஹாலோ மைதானத்துல. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி நடந்த டெஸ்ட்ல அவரோட ட்ரைவர் ஃபெயில். விதிக்கு உட்படாத கிளப்னு முத்திரை. அந்தத் தகவல் வெளிய கசிஞ்சது. உடனே எல்லார் வாய்லயும் ஒரே கேள்வி: அப்போ ஏமாத்தினாரா?

இல்ல. ஏன் இல்லன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

ட்ரைவர்னா பையில இருக்கறதுலயே நீளமான கிளப், பந்தை ரொம்ப தூரம் அடிக்கறதுக்கு. தலை உள்ள காலி. பந்து படற முன்பக்கம், அதாவது முகம், பெரும்பாலும் மெல்லிய டைட்டானியம் தகடு. அடிக்கும்போது சக்தி அதிகமா வீணாகறது பந்து நசுங்கறதுலதான். தகடு கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா பந்து கம்மியா நசுங்கும், வேகமா கிளம்பும். இதுக்குப் பேரு ட்ராம்போலின் எஃபெக்ட்.

இதுக்கு ஒரு எல்லை வேணும்னு அமெரிக்க அமைப்பான யுஎஸ்ஜிஏ 1998ல விதி போட்டாங்க. ஸ்காட்லாந்துல இருக்கற ஆர் அண்ட் ஏ அப்போ அதை ஏத்துக்கல. அதனால 2000ல காலவே கம்பெனி கொண்டு வந்த இஆர்சி டூ ட்ரைவர் அமெரிக்காவுல சட்டவிரோதம், கடல் தாண்டினா ஓகே! வார இறுதியில ஜாலிக்கு ஆடறவங்களுக்கு இதுல என்ன தப்புன்னு அர்னால்ட் பாமரே ஆதரிச்சுப் பேசி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். அந்த கிளப் தெரிஞ்சே எல்லை தாண்டி செஞ்சது. மெக்கில்ராய் கேஸ் அது இல்ல.

எப்படி அளக்கறாங்கன்னு பாருங்க. ஆரம்பத்துல பீரங்கி மாதிரி ஒரு மெஷின்ல பந்தை கிளப் தலை மேல அடிச்சு, திரும்பி வர்ற வேகத்தை அளந்தாங்க. அதை மைதானத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? அதனால 2004ல ஒரு சின்ன பெண்டுலம் வந்தது. இரும்பு குண்டு முகத்துல இடிக்கும், எவ்வளவு நேரம் ஒட்டியிருக்குன்னு அளப்பாங்க. எல்லை 239 மைக்ரோசெகண்ட். அளவுப் பிழைக்காக இன்னொரு 18. ஆக 257. ஒரு மைக்ரோசெகண்ட்னா ஒரு செகண்டை பத்து லட்சமா வெட்டினா அதுல ஒரு துண்டு.

இப்போ ஒரு இன்ஜினியரா யோசிங்க. போட்டியாளர் எல்லாரும் எல்லைக்குப் பக்கத்துல நிக்கும்போது நீங்க மட்டும் தள்ளி நின்னு டிசைன் பண்ணுவீங்களா? மாட்டீங்க. இங்கதான் சிக்கல். கிரிக்கெட் பேட் ஆட ஆட பழகி, பந்து நல்லா பறக்க ஆரம்பிக்கும் இல்லையா, அதே கதை. மெக்கில்ராய் மாதிரி ஆளுங்க மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல கிளப்பை சுத்தறாங்க. ஆயிரக்கணக்கான அடி வாங்கி தகடு தளர்ந்து போகுது, இன்னும் அதிகமா வளையுது. கடைசியில விரிசல் விடும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ட்ரைவர் அதோட வாழ்க்கையிலயே சூப்பரா வேலை செய்யற நேரத்துல, 257ஐ தாண்டியிருக்கலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கோட்ல ஒரு வரி கூட மாத்தாம ப்ரொடக்‌ஷன்ல பிஹேவியர் மாறின மாதிரி.

2019ல ராயல் போர்ட்ரஷ் ஓபன்ல சாண்டர் ஷாஃபலேக்கும் இதேதான். அவர் கோபப்பட்டது டெஸ்ட் ஃபெயில் ஆனதுக்காக இல்ல. 156 பேர்ல 30 பேரோட ட்ரைவரை மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, அவர் பேரு வெளிய வந்துடுச்சு, இன்னொரு ஆட்டக்காரர் விளையாட்டா 'சீட்டர்'னு கூப்பிட்டார். விளையாட்டுதான், ஆனா அந்த வார்த்தை ஒட்டிக்கும். மீதி 126 பேர்ல எத்தனை பேரோட ட்ரைவர் எல்லை தாண்டியிருந்ததோ!

2025லயும் டெஸ்ட் ஆனது சுமார் மூணுல ஒரு பங்கு பேருக்குத்தான். முடிவு ரகசியம்னு விதி, ஆனா கசிஞ்சது ஒரே ஒரு பேரு. மெக்கில்ராய் எந்த ரவுண்டு முடிஞ்சும் பத்திரிகைக்காரங்க கிட்ட பேசல. வேற ட்ரைவரோட ஆடினார், 47வது இடம்.

ஜெயிச்சது யாரு தெரியுமா? ஸ்காட்டி ஷெஃப்லர், அஞ்சு ஷாட் வித்தியாசத்துல. கோப்பைய வாங்கின பிறகு அவரே சொன்னார்: அந்த வாரம் என்னோட ட்ரைவரும் ஃபெயில்தான், ஒரு வருஷத்துக்கு மேல அடிச்ச கிளப், எப்போ வேணா போகும்னு எதிர்பார்த்தேன். டெஸ்ட் பண்றதுன்னா அரைகுறையா இல்லாம இன்னும் கறாரா பண்ணணும்னும் சேர்த்து சொன்னார். நானும் அதே கட்சி. மொத்தப் பேரையும் டெஸ்ட் பண்ணுங்க, இல்லன்னா ஒரு பேரும் கசியாம பாத்துக்கோங்க.

ஜூன்ல மெக்கில்ராய் வாய் திறந்தார். ஷெஃப்லரோட ட்ரைவர் திங்கட்கிழமையே ஃபெயில் ஆயிடுச்சு, என்னோடது செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் அவரை மாட்டிவிட விரும்பல, அதான் பேசலன்னு சொன்னார்.