ஓடிக் கொண்டிருக்கும் எக்ஸெலுடன் மேக்ரோவை இணைக்க

வீட்டுச் செலவுக் கணக்கை எக்ஸெலில் எழுதுவது என் பழக்கம். மாதக் கடைசியில் மொத்தத் தொகையை வேர்ட் பைலுக்குக் கொண்டு வர, வேர்டில் ஒரு சிறிய மேக்ரோ எழுதினேன். மேக்ரோ என்பது நம் வேலையை நமக்காகச் செய்திடும் கட்டளைத் தொகுப்பு. அதை இயக்கினால், அப்போதுதான் நான் டைப் செய்த மின் கட்டணம் மொத்தத்தில் சேரவில்லை. ஏன்?

நான் பயன்படுத்தியது "கிரியேட்ஆப்ஜெக்ட்" என்ற கட்டளை. இது திரையில் தெரியாமல் இன்னொரு எக்ஸெலை இயக்கும். அந்த எக்ஸெல் டிஸ்க்கில் உள்ள பைலைத்தான் படிக்கும். நாம் இன்னும் சேவ் செய்யாதது அதற்குத் தெரியாது.

திறந்திருக்கும் எக்ஸெலுடன் இணைய "கெட்ஆப்ஜெக்ட்" வேண்டும். இயங்கும் புரோகிராம்கள் தங்களைப் பதிவு செய்து கொள்ள, விண்டோஸில் "ரன்னிங் ஆப்ஜெக்ட் டேபிள்" என்ற பட்டியல் உள்ளது. இந்தக் கட்டளை அதில் தேடி இணைப்பைத் தருகிறது.

வேர்டில் ஆல்ட் + எப்11 அழுத்தவும். இன்செர்ட் மெனுவில் மாட்யூல் தேர்ந்தெடுத்து, உங்கள் மேக்ரோவில் இந்த வரியை ஆங்கில எழுத்துக்களில் அமைக்கவும்:

செட் எக்ஸ்எல் = கெட்ஆப்ஜெக்ட்(, "எக்ஸெல்.அப்ளிகேஷன்")

கமாவிற்கு முன் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே வெற்று மேற்கோள் குறிகளை இட்டால், மீண்டும் புதிய எக்ஸெல்தான் கிடைக்கும். எக்ஸெல் திறந்திருக்காவிட்டால் 429 என்ற பிழை எண் காட்டப்படும். குறிப்பிட்ட ஒரு பைல்தான் வேண்டும் என்றால், அதன் முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள் முதல் இடத்தில் தரலாம்.

இனி முக்கியமான எச்சரிக்கை. பழைய மேக்ரோவின் முடிவில் எக்ஸெலை மூடும் "க்விட்" வரி இருந்தது. மறைவாக இயங்கிய எக்ஸெலுக்கு அது தேவைதான். கட்டளையை மாற்றிய நான், அந்த வரியை நீக்க மறந்துவிட்டேன். "டிஸ்ப்ளேஅலெர்ட்ஸ்" மூலம் எச்சரிக்கைச் செய்திகளையும் நிறுத்தி வைத்திருந்தேன். மேக்ரோ முடிந்ததும், சேவ் செய்யவா என்று கேட்காமலேயே எக்ஸெல் மூடிக் கொண்டது. ஒரு மணி நேரம் டைப் செய்த கணக்கு போயே போய்விட்டது! மேக்ரோ தானாகத் திறந்ததை அதுவே மூடலாம். நாம் திறந்ததை நாம்தான் மூட வேண்டும்.

இந்த வழி விண்டோஸ் கம்ப்யூட்டரில் பதிந்துள்ள எக்ஸெலுக்கு மட்டுமே. பிரவுசரில் இயங்கும் எக்ஸெலுக்குப் பொருந்தாது. இதே வேலையை நோட்பேடில் எழுதிய விபிஸ்கிரிப்ட் மூலமும் செய்து வந்தோம். ஆனால் அதனை விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப் போவதாக மைக்ரோசாப்ட் 2023ல் அறிவித்தது. எனவே புதிதாகப் பழகுபவர்கள் வேர்ட் மேக்ரோவிலேயே தொடங்கலாம். முதலில் ஒரு நகல் பைலில் முயற்சி செய்து பாருங்கள்.