பொன் தேடிய தேவாலா

பழனி மலையென்றால் சித்தர் போகரும் பொன் செய்யும் அவருடைய ரசவாதமும் நினைவுக்கு வருவது நம்மவர் இயல்பு. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலைகளின் மடியில், நீலகிரியின் மேற்கெல்லையில் மழையில் ஊறிக் கிடக்கும் தேவாலா, பந்தலூர் என்னும் சிற்றூர்களிலேதான் பொன்னாசை மெய்யாகவே ஜுர வேகத்தில் பரவியது.

அங்குள்ள ஓடைகளில் பொன் உண்டென்பது, இங்கிலாந்துச் சுரங்கக் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்னரே பணியர், குறும்பர் என்னும் பழங்குடியினருக்குத் தெரிந்த சங்கதி. ஓடை மணலைக் குழிந்த மரத்தட்டில் அள்ளி, நீரில் அமிழ்த்திச் சுழற்றச் சுழற்ற, லேசான மணல் விளிம்பு வழியே வழிந்தோடிவிடும். அடியில் தங்கும் கறுமணலில், கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் கிடக்கும் பொன்பொடியைப் பாதரசம் சேர்த்துத் திரட்டுவார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஏதேனும் தேறினால் அதுவே பாக்கியம்.

1877-இல் மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு இணைக்கப்பட்ட இப்பிரதேசத்தில், காப்பிச் செடிகள் நோயுற்றுத் தோட்ட முதலாளிகள் நொடித்திருந்த சமயத்தில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்க இலாகாவை நிர்வகித்து அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பவர் பாறைகளைப் பரிசோதித்து, 1880-இல் நம்பிக்கையூட்டும் அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். அவ்வளவுதான்! ஏறக்குறைய 40 லட்சம் பவுன் மூலதனம் என்ற விளம்பரத்தோடு 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இங்கிலாந்தில் முளைத்தன. நஷ்டத்தில் கிடந்த தோட்டங்கள் தங்க வயல்களென்ற பெயரில் பெருவிலைக்குக் கைமாறின. பாறையில் பொன் எவ்வளவென்று தீர விசாரிக்குமுன்பே கல்லிடிக்கும் யந்திரங்கள் மலையேறின. வெண்கல்லை இடித்துப் பார்த்தபோதோ, செலவுக்குக் கட்டுபடியாகாத சொற்பப் பொன்னே கிட்டியது. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் கலைந்தன. ஆதாயம் கண்டவர்கள், பொன்னைத் தோண்டியவர்களல்லர். நிலத்தையும் பங்குப் பத்திரத்தையும் உரிய வேளையில் விற்றுவிட்டவர்களே.

பின்னர் இம்மலைச்சரிவுகளைத் தேயிலை ஆட்கொண்டது. 1964-ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தமிழருக்குப் பிழைப்பளிக்கும் பொருட்டு அரசாங்கம் நிறுவிய தேயிலைத் தோட்டங்கள் இவ்வட்டாரத்திலும் பரவின. கொழுந்து பறிக்கும் கைகளே இன்று இவ்வூர்களின் நிலையான செல்வம்.

எனினும் பழைய ஆசை முற்றும் அற்றுவிடவில்லை. கைவிடப்பட்ட குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்கிக் கல் பெயர்ப்பவர்கள், மண் சரிந்து மாண்டுபோவதும் உண்டு. கம்பெனிகளின் நஷ்டம் லண்டன் கணக்குப் புத்தகங்களோடு தீர்ந்துவிட்டது. குழிகளின் அபாயமோ ஊராருக்குப் பிதிரார்ஜிதமாயிற்று. பொன்னின் பெயரால் இவ்வூருக்கு இனிச் செய்யத்தக்க உபகாரம் ஒன்றுண்டென்றால், அது அக்குழிகளைத் தூர்ப்பதுதான்.